கல்லை இழுத்தவர்களுக்குச் சொல்லாத சட்டம்

முன்னொரு காலத்தில், நல்லவர் என்று பேர் வாங்கியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்ற ராஜா ஒருவர் இருந்தார். ஒருநாள் சபைக்கு வந்தவர், "இன்று முதல் என் நாட்டில் வெட்டி கிடையாது" என்றார். வெட்டி என்றால் குடிகளைப் பிடித்துவந்து கூலியில்லாமல் வாங்குகிற வேலை. அதை ஒழித்துவிட்டாராம்! மலையடியில் கல்லில் சாசனம் வெட்டி, கோட்டைக்குக் கொண்டுவந்து பூசை போட்டு, எண்பது ஊருக்கும் அனுப்பச் சொன்னார். ஒரு மாதமாகியும் புலவர்கள் சபையில் புகழ்ந்து தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அரசவை விகடன் மாடக்கண்ணுவுக்கோ அது பொறுக்கவில்லை. கோட்டைக்கு வரும் வழியில் விருமன் என்ற குடியானவனைப் பார்த்திருந்தான். அறுக்க வேண்டிய நெல் வயலில் உதிர்ந்துகொண்டிருக்க, விருமனும் இன்னும் நாற்பது பேரும் பத்து நாளாக ஒரு சாசனக் கல்லை இழுத்துக்கொண்டிருந்தார்கள். தோளெல்லாம் புண். கஞ்சிகூட அவரவர் வீட்டிலிருந்துதான். இதையும் பார்த்துவிட்டுச் சிரிப்புக் காட்டிப் பிழைக்கிறோமே என்று அவனுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

சபையில் பட்டென்று சொல்லிவிட்டான். "மகாராஜா, வெட்டி ஒழியவில்லை."

மந்திரி சொக்கநாயகருக்கு இவனைக் கண்டாலே ஆகாது. இதுதான் சமயமென்று எழுந்தார். "பிரபு, இவன் தங்கள் கீர்த்தியைக் கெடுக்கிறான். வெட்டி என்ற சொல்லையே ஏட்டிலிருந்து நீக்கிவிட்டோம். இப்போது நடப்பது விருப்பப் பணி. குடிகள் ஆசையாய் ஓடிவந்து செய்கிறார்கள்."

ராஜாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "மாடக்கண்ணு! நாளை உச்சிப்பொழுதுக்குள் நிரூபித்துக் காட்டு. இல்லையேல் உன் நாக்கை அறுப்போம்."

"உத்தரவு, மகாராஜா. சாசனத்தைக் குடிகளுக்கு வாசித்துக் காட்ட மட்டும் அனுமதி வேண்டும்."

"தாராளமாக வாசி!"

மறுநாள் முதல் கல்லுக்குப் பூசை. கல்லை எதிர்கொள்ள ராஜா ரதமேறிக் கிளம்பிய வேளையில் விருமன் கூட்டம் இழுத்துவந்த கல் கோட்டை வாசலுக்குள் நுழைந்தது. மாடக்கண்ணு அதன்மேல் ஏறி நின்று உரக்க வாசித்தான்: "இந்நாட்டில் எவரும் கூலியின்றி உழைக்க வேண்டியதில்லை. கட்டாயப்படுத்துவோர் தண்டிக்கப்படுவர்."

விருமன் திகைத்து நின்றான். "என்ன சாமி சொல்றீங்க? இந்தக் கல்லுலயா அப்படி எழுதியிருக்கு?"

"இதிலேதானப்பா. பத்து நாளாய் நீ இழுத்தது இதைத்தான்."

"அடப்பாவிகளா!" விருமன் கயிற்றை வீசி எறிந்தான். "விடுங்கடா கயித்தை! வீட்டுக்குப் போயி மிச்ச நெல்லையாவது அறுப்போம்."

காவலர்கள் சாட்டையை ஓங்கினார்கள். மாடக்கண்ணு சாசனத்தின் கடைசி வரியைச் சுட்டிக் காட்டினான். ராஜா பார்த்துக்கொண்டிருந்தாரே, ஓங்கிய கைகள் தாமாக இறங்கின. கூட்டம் போய்விட்டது. கல் வாசலை அடைத்துக்கொண்டு கிடக்க, ராஜாவின் ரதம் உள்ளே மாட்டிக்கொண்டது.

"யாரங்கே! கல்லை நகர்த்துங்கள்!" என்று கத்தினார் ராஜா.

"பொறுங்கள், மகாராஜா. விருப்பப் பணிக்கு ஆசையாய் ஓடிவருவார்களாமே."

காத்திருந்தார்கள். ஈ காக்கைகூட வரவில்லை. ராஜாவின் பார்வை மந்திரிமேல் திரும்பியது. "நீரே இழும்!"

சொக்கநாயகரும் சபையோரும் கயிற்றைப் பிடித்தார்கள். தலைப்பாகைகள் உருண்டன. கல் அசையவில்லை. ராஜா விழுந்து விழுந்து சிரித்தார்.

மாடக்கண்ணு சிரிக்கவில்லை. "கல்லுக்குச் சொன்னீர்கள், மகாராஜா. இழுத்தவனுக்கு யார் சொன்னது? அவன் நெல் பாதி மண்ணில் கிடக்கிறது."

ராஜாவின் முகம் சுருங்கியது. "உனக்கு என்ன பரிசு வேண்டும், கேள்."

"பட்டத்து முரசு வேண்டும். இன்னும் எழுபத்தொன்பது கல் வழியில் வருகின்றன. எல்லாவற்றையும் கீழே போட வைக்கிறேன்."

ராஜா மறுபடி சிரித்து, முரசைத் தம் கையாலேயே அவன் கழுத்தில் மாட்டினார். மாடக்கண்ணு கொட்டிக்கொண்டே புறப்பட்டான். மந்திரி மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தார். நிறுத்தச் சொல்லி அவருக்கு இன்னும் உத்தரவு வரவில்லை.