உலகம்மாள் சாப்பிடவில்லை

சிற்றாற்றங்கரையில் இருந்த அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வந்து சேருகிறவருக்குப் பாயும் தலையணையும் கொடுப்பதற்கு முன்னால், பார்த்துக்கொள்ள ஓர் ஆளைக் கொடுத்துவிடுவார்கள். வந்தவருக்கு எழுபது வயதாகியிருந்தாலும் சரி, அவரைவிட மூத்தவர் ஒருவர் அங்கே காத்திருப்பார்.

சண்முகவடிவுக்கு இது தெரியாது. கணவர் போய்ச் சேர்ந்த பிறகு மகன் வீட்டு மாடியறையில் முடங்கிக் கிடந்தவள் அவள். முட்டிவலி, தலைசுற்றல், தூக்கமின்மை எல்லாம் உண்டு. ஒரு பை நிறைய மாத்திரைகளோடு, இனி நிம்மதியாகப் படுத்துக்கிடக்கலாம் என்றுதான் மடத்துக்கு வந்தாள்.

மடத்தை நடத்திய செங்கமலத்தம்மா அவளைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் கிழவர் கிழவியர் எல்லாருக்கும் அவர் அம்மாதான்.

"அம்மா, மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கு. நான் என்ன செய்யட்டும்?" என்று வடிவு கேட்டாள்.

அம்மா அவளைக் கூட்டிப்போய் உலகம்மாள் முன்னால் நிறுத்தினார். எண்பது தாண்டிய உடம்பு. இடது பக்கத்தை வாதம் இழுத்திருந்தது. வலது கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

"இவங்கள பாத்துக்கிடுங்க."

"எனக்கே ஒரு ஆள் வேணும்னுல்லாம்மா வந்திருக்கேன்!"

"அதான் ஆள் குடுத்துட்டேனே" என்றார் அம்மா.

வடிவு கொஞ்ச நாள் மனசுக்குள் திட்டிக்கொண்டே வேலை செய்தாள். அப்புறம் திட்ட மறந்துபோனது.

அந்தச் சாரல் மாதங்களை இப்போது நினைத்தாலும் வடிவுக்கு நெஞ்சு நனைந்துவிடும். வெளியே தூறிக்கொண்டிருக்கும். இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டு பழங்கதை பேசுவார்கள். உலகம்மாள் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தவள். பிள்ளைகளுக்கு அவள் சோத்தாச்சி. மணியடித்ததும் தட்டோடு ஓடிவரும் கூட்டம், முட்டை போடும் நாளில் மட்டும் வகுப்புக்கு வரும் ஒரு பயல், சாப்பிட்ட வாயைத் துடைக்காமலே மறுபடி வந்து "நான் இன்னும் வரவே இல்ல சோத்தாச்சி" என்று சாதிக்கும் ஒரு குட்டி என்று எல்லாரையும் இழுத்துவந்து நிறுத்துவாள். வடிவு தன் பங்குக்கு, கல்யாணமான புதிதில் கணவரின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து அருவிக்குப் போய் நனைந்த கதையைச் சொல்வாள். எத்தனையாவது தடவை என்று இருவருமே கேட்டுக்கொள்வதில்லை.

வடிவு அவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள். குளிப்பாட்டி, தலை துவட்டி, சோறு பிசைந்து ஊட்டி, தண்ணீர்த் தம்ளரைக்கூடத் தானே பிடித்துக்கொண்டாள். எப்போதாவது உலகம்மாள் கீரை ஆய முறத்தை இழுத்தால், "விடுங்கக்கா, நான் எதுக்கு இருக்கேன்?" என்று பிடுங்கிக்கொள்வாள். ஒரு துரும்பை நகர்த்த விடவில்லை.

அப்படியிருந்தும் உலகம்மாள் இளைத்தாள். முதலில் கதை குறைந்தது. பிறகு சாப்பாடு குறைந்தது. ஒருநாள் வாயைத் திறக்கவே இல்லை.

"ஒரு வாய் வாங்கிக்கிடுங்கக்கா."

"போதும்ட்டி. உள்ள எறங்க மாட்டேங்கு."

டாக்டர் வந்து பார்த்தார். நோய் என்று எதுவும் இல்லை, வயதாகிவிட்டது, இப்படியே போனால் ரொம்ப நாள் தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனார். ஒருவரை வழியனுப்பிவிட்டு இப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள், அதற்குள் இன்னொருவரா?

அம்மாவிடம் ஓடினாள்.

"அம்மா, அக்கா சாப்பிட மாட்டேங்காவ. நான் ஒரு குறையும் வைக்கலியே. என்ன தப்பு செஞ்சேன்?"

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க முட்டி எப்படி இருக்கு?"

"அத யாரு நெனச்சா?"

"தூக்கம்?"

"படுத்தா விடிஞ்சிருது. என்னைய ஏம்மா கேக்கிய? அக்கா போயிருவாவம்மா!"

அம்மா அடுப்படிக்குப் போனார். மத்தியானத்துப் புளிக்குழம்பு கொஞ்சம் சட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதிலேயே மிச்சச் சோற்றைத் தட்டி, சட்டியைக் கொண்டுவந்து உலகம்மாளின் மடியருகே வைத்தார். எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டினார்.

"உலகம்மாக்கா, வயிறு பசிக்குது."

உலகம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள். சட்டியைப் பார்த்தாள்.

வடிவு பதறினாள். "அவங்களுக்குக் கை நடுங்கும்மா. நான் உருட்டித் தாரேன்."

"நீங்களும் உக்காருங்க. கைய நீட்டுங்க."

உலகம்மாளின் கை மெல்லச் சட்டிக்குள் போனது. பிசைந்தது. முதல் உருண்டையில் பாதி அம்மாவின் மடியில் விழுந்தது. கையில் விழுந்ததை அம்மா தின்றுவிட்டு மறுபடி நீட்டினார். அடுத்தது வடிவுக்கு. அவள் புடவையிலும் குழம்பு. சட்டிச் சோற்று வாசனைக்குக் கூடத்தில் கிடந்த மற்றக் கிழடுகளும் ஒவ்வொன்றாக எழுந்து வந்து கையை நீட்டின.

"ஏட்டி, கையக் குழிச்சுப் பிடி, சிந்துது பாரு" என்றாள் உலகம்மாள். "ஏ, முண்டக் கூடாது. வரிசையா வாங்க."

எத்தனையோ நாளாகக் கேட்காத குரல். ஆனால் வடிவின் கண் சட்டியிலேயே இருந்தது. சோறு குறைந்துகொண்டே வந்தது. அவள் அம்மாவின் காதருகே குனிந்தாள்.

"எல்லாத்தையும் நமக்கே குடுத்துட்டாவளே. அவங்க வயித்துக்கு?"

"பேசாம பாருங்க."

எல்லாருக்கும் கொடுத்தாயிற்று. உலகம்மாள் நாலு விரலால் சட்டியைச் சுற்றி வழித்தாள். ஓர் உருண்டை சேர்ந்தது. அதற்கு யாரும் கை நீட்டவில்லை. பிசைந்து கொடுத்தவளுக்குத்தான் வழித்த உருண்டை என்பது எந்த வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். யாரும் சொல்லாமலே, தனக்குச் சேர வேண்டியது என்பதுபோல, உலகம்மாள் அதை வாயில் போட்டு மென்றாள். விரலையும் நக்கினாள்.

வடிவு ஓவென்று அழுதுவிட்டாள்.

"இவ ஏன் அழுதா?" என்றாள் உலகம்மாள். "பத்தலியாட்டி?"

அம்மா முற்றத்தில் கை கழுவிக்கொண்டிருந்தார். வடிவு மூக்கைச் சிந்திக்கொண்டே பின்னால் போய் நின்றாள்.

"அம்மா, நாளைக்கு அக்காவுக்கு நான் என்ன செய்யட்டும்?"

"பசியோட வாங்க" என்றார் அம்மா.