ஏரிக்கரை நிறுத்தம்

“சாமி, நன்றி கெட்ட பிள்ளைக்கு மேற்கொண்டும் உதவலாமா?”

மேடேறி வந்த மூச்சு அடங்குவதற்குள் தில்லைநாயகி கேட்டுவிட்டாள்.

சிறுமலைச் சரிவில் இருந்தது அந்த ஆசிரமம். சாமி என்று எல்லோரும் அழைத்தது ஒரு துறவிப் பெண்ணை. தில்லைநாயகியின் மகளைவிட இளையவள். முறத்தை மடியில் வைத்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

“உட்காருங்கம்மா. யாரு அந்தப் பிள்ளை?”

தில்லைநாயகி உட்கார்ந்தாள்.

ஒற்றைப் பெட்டியோடு அமெரிக்கா போனவள் அவள். வாடகை வீட்டுச் சமையலறையில் ஒரு மென்பொருள் நிறுவனம் தொடங்கினாள். அது ஆலமரமாக வளர்ந்தது. தலை நரைத்தபின் அதை விற்றுவிட்டு, தொழில் தொடங்கும் ஏழைப் பெண்களுக்காக மதுரையில் ஓர் அறக்கட்டளை வைத்தாள்.

ஆண்டுதோறும் விழா. உதவி பெற்றவர்கள் மேடையேறி, பட்ட கஷ்டத்தை மைக்கில் சொல்லி, நன்றி சொல்ல வேண்டும். அது விதி.

“ஜெபராணின்னு ஒரு பொண்ணு, சாமி. பார்வை இல்லாத பிள்ளைகளுக்குப் பாடம் வாசிச்சுக் காட்டுற செயலி செய்றா. கெட்டிக்காரி. ஆனா விழாவுக்கு வரமாட்டேன்னுட்டா. ‘எங்க வீட்டுக் கஷ்டத்தை மேடையில சொல்ல முடியாது மேடம்’கிறா.”

“நீங்க உதவியை நிறுத்திட்டா?”

“அவ கம்பெனியை மூட வேண்டியதுதான். நாளைக்குள்ள நான் முடிவு சொல்லணும்.”

“போன விழாவுல மத்தவங்க நல்லா பேசினாங்களா?”

“அழகாப் பேசினாங்க. சில பிள்ளைங்க அழுதிருச்சுங்க.”

“உங்களுக்கு?”

“மனசு நிறைஞ்சு போச்சு.”

“விழாங்கிற பந்தி யாருக்குன்னு இப்பத்தான் புரியுது” என்றாள் சாமி.

தில்லைநாயகிக்குச் சுருக்கென்றது.

“அப்படிச் சொல்லாதீங்க சாமி. நன்றிதான் எனக்கு உயிர். ஒருத்தங்களுக்கு நன்றி சொல்ல முடியாமத்தான் இன்னிக்கும் தவிக்கிறேன்.”

“யாருக்கு?”

தில்லைநாயகியின் குரல் இளகியது.

“அமெரிக்கா போன புதுசுல, முதல் குளிர்காலம். வேலைக்குத் தேர்வு எழுதப் போறேன். பஸ்ஸுல கை விறைச்சுப் போச்சு. கையுறைன்னு ஒண்ணு வாங்கணும்னே தெரியாது. புடவைத் தலைப்பைச் சுத்தி வச்சிருந்தேன். பக்கத்துல இருந்த அம்மா தன் கையுறையைக் கழட்டி எனக்கு மாட்டிவிட்டாங்க. நான் வாயைத் திறக்குறதுக்குள்ள மணியடிச்சு இறங்கிட்டாங்க. அந்தச் சூட்டுலதான் சாமி, அன்னிக்கு என் விரல் ஓடுச்சு. வேலை கிடைச்சுது.”

“தேடலையா?”

“தேடாமலா? அந்தக் குளிர்காலம் பூரா அதே பஸ்ஸுலதான் போனேன். அவங்க இறங்கின இடத்துல இறங்கியும் பார்த்தேன்.”

“வீடு வீடாக் கேட்டீங்களா?”

“வீடு ஏது அங்க? இந்தப் பக்கம் உறைஞ்ச ஏரி. அந்தப் பக்கம் காடு. அங்க யாருமே இறங்க மாட்டாங்கன்னு டிரைவர் சொன்னார்.”

சாமி ஒரு மொச்சையை உரித்து முறத்தில் போட்டாள்.

“அன்னிக்குப் பனியா?”

“கொட்டுச்சு.”

“கையுறையும் இல்ல.”

“இல்ல.”

“பிறகு ஏன் அங்க இறங்கினாங்க?”

“நான் வாயைத் திறக்குறதுக்குள்ள…” என்று தொடங்கிய தில்லைநாயகி அப்படியே நிறுத்திக்கொண்டாள்.



தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள். கண் நிறைந்து ஒரு சொட்டு கையில் விழுந்தது. புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

“ஜெபராணி, நான்தாம்மா. இல்லடா, விழாவுக்காகக் கூப்பிடல. இனிமே விழாவே கிடையாது. உனக்கு வரவேண்டியது வந்துரும். நீ வேலையைப் பாரு.”

“மேடம், உங்களுக்கு நான் எப்படி…” என்று அந்தப் பக்கம் குரல் தழுதழுத்தது.

தில்லைநாயகி சட்டென்று போனை வைத்துவிட்டாள்.