உதடு ஒட்டாத பாட்டு

முன்னொரு காலத்துல துருக்கிச் சீமையை ஐதின்னு ஒரு சுல்தான் ஆண்டுக்கிட்டிருந்தான். காலையில ஒரு பேச்சு, சாயங்காலம் ஒரு பேச்சு பேசுற ஆளு. அவனோட களஞ்சிய மந்திரி ரெம்ஸி பாஷா. பஞ்சத்துக்குன்னு வெச்ச கோதுமையை மூட்டை மூட்டையா தன் மாளிகைக்குக் கடத்தின புண்ணியவான்!

அதைச் சந்தையில, சாஸ்ங்கிற தந்தி வாத்தியத்தை மீட்டிப் பாடினா குலிஸார்ங்கிற பாட்டுக்காரி. ஊரே கூடப் பாடிச்சு. பாஷாவுக்குப் பொறுக்குமா? அவளைச் சபைக்கு இழுத்துட்டு வந்துட்டாரு.

"சுல்தானே, இவ பெரிய கெட்டிக்காரியாம். நம்ம பாட்டுக்காரங்க வழக்கப்படி ஊசிப் பாட்டு பாடட்டும். ரெண்டு உதட்டுக்கும் நடுவுல ஊசியை நெட்டுக்குத்தா நிறுத்திக்கணும். ப, ம, வ வந்தா உதடு பட்டுக் குத்தும். ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் நாக்கை அறுத்துடலாம்."

இனி 'பாஷா'ன்னும் பாட முடியாது, 'கோதுமை'ன்னும் பாட முடியாது. அதான் அந்த ஆளோட திட்டம்!

"பலே! அப்படியே ஆகட்டும்" என்றான் சுல்தான்.

நாக்கு போனா குலிஸாருக்குப் பிழைப்பே போச்சே! ஊசியை உதட்டுக்கு நடுவுல நிறுத்திக்கிட்டு சாஸை மீட்டினா. 'தலைப்பாகை'ன்னு ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துடுச்சு. நல்லவேளை, முழுங்கிட்டா.

"தட்டு எங்களது, ரொட்டி யாரது?
ஏர் எங்களது, தானியங்கள் யாரது?
தலையில் துணி சுற்றிய எலி ஒன்று
களஞ்சியத்தைத் தின்கிறது.
கண்டேன் நான், குலிஸார்!"

ரத்தமே வரல. சபையில எல்லார் கண்ணும் பாஷாவோட தலைப்பாகை மேலதான்.

"பொய்! நான் எடுக்கவில்லை!" பாஷா கத்தினாரு.

குலிஸார் ஊசியை நீட்டினா. "அதையே இதை வெச்சுக்கிட்டுச் சொல்லுங்க பாஷா."

சுல்தான் கைதட்டினான். "நல்ல விளையாட்டு! சொல்லுமய்யா!"

"நான் எடுக்கவி..." நறுக்குனு குத்திச்சு. தாடியெல்லாம் ரத்தம்.

"பழைய ஊழியன், ஒருதரம் மன்னிச்சேன்" என்றான் சுல்தான். "திரும்பச் சொல்லும். இன்னொருதரம் ரத்தம் வந்தா உம்ம நாக்கு உமக்கில்லை."

'இல்லை'ன்னு ஒத்தை வார்த்தை சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பாரு. பதட்டத்துல எங்கே தோணும்? உதடு படாத வார்த்தை எதுன்னு தேடித் தேடி, அர்த்தத்தை மறந்துட்டாரு மனுஷன்.

"நான்... எடுத்தேன்!"

சபை கொல்லுனு சிரிச்சுது. பாஷாவோட மாளிகையைத் திறந்தாங்க, கூரை வரைக்கும் கோதுமை. அத்தனை மூட்டையையும் அவர் தோளாலேயே சந்தைக்குச் சுமக்க வெச்சான் சுல்தான்.

"உனக்கு என்ன வேணும்?"னு குலிஸாரைக் கேட்டான்.

"அந்த ஊசி சபையிலேயே இருக்கட்டும், சுல்தானே."

இன்னைக்கும் அந்த ஊர்ல எந்த அதிகாரியாவது 'நான் எடுக்கவில்லை'ன்னா, ஜனங்க முதல்ல அவன் உதட்டைத்தான் பாக்குறாங்களாம்.