கும்பிடு போட்ட போன்

"'உன் போன்ல ஊர்ச் சாமிக்கெல்லாம் இடம் இருக்கு, என் புள்ளைக்கு மட்டும் இல்ல. இனிமே உனக்கு எதுவும் அனுப்ப மாட்டேன்.' இப்படியே சொன்னா மாதாஜி. நான் ஒரு வார்த்தை கூட்டலை, குறைக்கலை. சொல்லிட்டு டக்குனு வெச்சுட்டா. பெத்த பொண்ணு!"

குணவதி இன்னும் உட்காரக்கூட இல்லை.

மாதாஜி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். குணவதியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். குரு என்று ஆனபிறகு வயதை யார் பார்க்கிறார்கள்?

"அப்படி என்ன செஞ்சீங்க?"

"நான் என்ன செஞ்சேன்? எல்லாம் இந்தப் போன்தான் செஞ்சது. காலையில நூறு காட்டுது. காபி குடிச்சு டம்ளரைக் கழுவுறதுக்குள்ள பாதி. தொட்டா சுடுது. ஒரு தட்டு தட்டினா அசையாது, கோவத்துல நாலு தட்டு தட்டினா நாலையும் சேர்த்து வெச்சு செய்யுது. சூடு தணியட்டும்னு ஃப்ரிட்ஜ்லகூட வெச்சுப் பார்த்தேன்."

"தணிஞ்சதா?"

"தயிர் வாசனை வந்தது."

மாதாஜி சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"பேட்டரி இருக்கட்டும். பொண்ணு ஏன் கோவிச்சுக்கிட்டா?"

குணவதிக்கு இந்தக் கேள்வி ரசிக்கவில்லை. அடுத்தவர் செய்ததைச் சொல்லி ஆறுதல் வாங்கத்தான் மனுஷி ஆசிரமத்துக்கு வருகிறாள். தான் செய்ததைச் சொல்லவா?

"பேரன் வீடியோ அனுப்பினா, பெல்ஜியத்துலேர்ந்து. சுத்திக்கிட்டே இருந்தது, திறக்கலை. இடமில்லைன்னு எழுதிக் காட்டுச்சு. பதில் போடலைன்னா வருத்தப்படுவாளேன்னு, 'அழகுக் கண்ணு, என்னமா சிரிக்கிறான்'னு போட்டேன்."

"சிரிச்சானா?"

"குப்புற விழுந்திருக்கான். முதல் தடவையா."

பக்கத்து ஹாலில் போன் சார்ஜ் போட ஒரே ஒரு ப்ளக். குருவின் காலடியைவிட அதன் காலடியில்தான் எப்போதும் கூட்டம்.

"இடமில்லைன்னா எதையாவது அழிக்க வேண்டியதுதானே?"

"எதை அழிக்க? செவ்வாய்க்கிழமை முருகன், வெள்ளிக்கிழமை அம்மன், விடிஞ்சா நீங்க குரூப்ல அனுப்புற தாமரைப்பூ. அழிக்கப் போனா குப்பைத்தொட்டி படம் வருது மாதாஜி! பழைய சாமி காலண்டர்னா ஆத்துல விட்டுடலாம். இதை எந்த ஆத்துல விட?"

"நேத்து நான் என்ன அனுப்பினேன்?"

"தாமரைப்பூதான். கீழே மனசு, மௌனம்னு ஏதோ. ரொம்ப ஆழமா இருந்தது. உடனே கும்பிடு போட்டேனே!"

மாதாஜி தன் போனை நீட்டினார்.

குணவதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். தாமரை இல்லை. ஒரே ஒரு வரி.

'நல்ல காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. யாராவது கொஞ்சம் கஞ்சி கொண்டு வாருங்கள்.'

அதன் கீழே கும்பிட்ட கைகள். தள்ளத் தள்ள கைகள். 'குருவே சரணம்.' 'பாக்கியம் மாதாஜி.' 'அற்புதமான சிந்தனை, என் நாத்தனாருக்கும் அனுப்பிவிட்டேன்.'

எல்லாவற்றுக்கும் முதலில், அவளுடைய கை.

"கஞ்சி… யாராவது…?"

"நானே எழுந்து வெச்சுக்கிட்டேன்."

குணவதிக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அது அவளுக்குப் புதுசு.

"அப்ப எதை அழிக்கட்டும் மாதாஜி? உங்களையா, முருகனையா?"

மாதாஜி சால்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

இது பதிலா, காய்ச்சலா? ஆசிரமத்தில் இதுதான் தொல்லை. யாராவது தும்மினால்கூட அர்த்தம் தேட வேண்டியிருக்கிறது.

கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். சமையலறைக்குப் போய் நொய்யைக் களைந்து அடுப்பில் ஏற்றினாள்.

அது கொதிப்பதற்குள் போனைத் திறந்தாள். முதல் தாமரை. குப்பைத்தொட்டி.

'நிச்சயமாக நீக்கவா?' என்றது போன்.

"என்னையே கேளு," என்று அழுத்தினாள்.

ஒன்றும் ஆகவில்லை. இடி விழவில்லை. அடுத்த தாமரை. அதற்கடுத்த தாமரை. முருகன் வந்ததும் கை தயங்கியது. "கோவிச்சுக்காதேப்பா," என்று அவரையும் அனுப்பிவைத்தாள்.

பிறகு மைக்கை அழுத்திப் பிடித்து மகளிடம் பேசினாள்.

"யாழினி, நான் அந்த வீடியோவைப் பார்க்கவே இல்லடி. பார்த்த மாதிரி பொய் சொன்னேன். இப்ப இடம் இருக்கு. இன்னொரு தரம் அனுப்பு."

டிக் ரெண்டும் நீலமானது. அவள் கேட்டுவிட்டாள்.

கஞ்சி பொங்கியது. அடுப்பைத் தணித்தாள். போனில் ஒன்றும் வரவில்லை.

"அனுப்புடி," என்றாள்.