சென்னியப்பன் காப்பாற்றிய சொத்து

கரூரில் போர்வைக் கம்பெனி நடத்திய சென்னியப்பன், அமராவதிக் கரையிலிருக்கும் சின்ன மடத்துக்குக் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். மடத்து அம்மா அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவர்தான் இவருக்குக் குரு. அம்மா முறத்தில் பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குப் பேத்திக்குக் காதுகுத்துன்னு சொன்னீங்களே, கோயிலுக்குப் போகலையா?"

"அதைக் கேக்கத்தானுங்க வந்தேன். போகட்டுமா, வேண்டாமா?"

இதென்ன கூத்து! சொந்தப் பேத்தியின் காதுகுத்துக்குப் போக யாரைக் கேட்க வேண்டும்? விஷயம் இதுதான். கம்பெனி நொடிக்கப் போகிறதென்று தெரிந்ததுமே சென்னியப்பன் முந்திக்கொண்டார். வீட்டையும் தோட்டத்தையும் மகன் பேரில் எழுதினார். டெபாசிட்டை மனைவி பேருக்கு மாற்றினார். கடன்காரர்கள் நம்ப வேண்டுமே! அப்பனும் மகனும் அடித்துக்கொண்டு பிரிந்ததாக ஊருக்கு ஒரு நாடகம் போட்டார்கள். 'இவருக்கும் எங்கள் குடும்பத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை' என்று மகன் பேரில் பேப்பரில் விளம்பரம் வந்தது. அதை உட்கார்ந்து எழுதியதே சென்னியப்பன்தான். மகா கெட்டிக்காரர்!

எழுதிக் கொடுத்துவிட்டு, குடோனுக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறைக்குக் குடிபோனார். பொங்கலன்றைக்குக் கூட மெஸ் சாப்பாடுதான். ஏனென்று கேட்க நாதியில்லை. கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டால் அது கடன்காரராகத்தான் இருக்கும்.

"பையன் வராதீங்கப்பான்னுட்டான். ஊர் முன்னால சேர்ந்து நின்னா நாடகத்தோட சாயம் வெளுத்துப்போயிரும், கடன்காரங்க போட்டிருக்கிற கேசுல தோத்துப்போயிருவோம்கறான்."

"போனா என்ன போகும்?"

"வீடு, தோட்டம், டெபாசிட்டு எல்லாம் கடனுக்குப் போயிருமுங்க."

"போகலைன்னா?"

"ஒண்ணும் போகாதுங்க," என்றார். "மொட்டையடிச்சா பேத்தி எப்படியிருப்பான்னு கூடத் தெரியாம இருந்துக்குவேன், அவ்வளவுதான்."

அம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

"போன வாரம் காய்ச்சல்ல கிடந்தீங்களாமே. யாரு பார்த்துக்கிட்டாங்க?"

"வீட்டிலிருந்து யாரும் அந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு நானேதான் சொல்லியிருந்தனுங்க. நூல்காரர் அர்த்தநாரி வந்தாரு."

"எதுக்கு?"

"பாக்கி கேக்கத்தான். வாய்க்கு வந்தபடி வைதாரு. அப்புறம் நெத்தியைத் தொட்டுப் பார்த்துட்டு, தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. திரும்பி வந்ததும் கஞ்சி வாங்கிக் குடுத்தாரு. எனக்குக் கடனுக்கு நூல் குடுத்துக் குடுத்தே பாதி அழிஞ்ச மனுசனுங்க அவரு."

சொல்லி முடிக்குமுன் சென்னியப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அம்மா தடுக்கவில்லை.

அழுது ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலையேங்கம்மா. கோயிலுக்குப் போகட்டுங்களா?"

"போங்க," என்றார் அம்மா. "போற வழியில அர்த்தநாரியையும் கூட்டிட்டுப் போங்க."