கண் போகாத இடம்

மண்டபத்துக் கூரை பீமுக்கும் ஏ.சி. காற்று போகும் டக்டுக்கும் நடுவே நாலு விரல் இடம். அதில் கை போகும், கண் போகாது. இரண்டு தகர டக்டின் விளிம்புகளை ஒட்டவைத்துச் சுற்றிலும் போல்ட் போட வேண்டும். முன்பக்கம் எவனும் போடுவான். பின்பக்கம் தடவித் தடவித்தான் போடணும். தோல் உரியும்.

மிக்கேல் பின்பக்கத்தில் இரண்டைப் போடாமல், மேலே பசையைப் பூசிவிட்டு இறங்கினான். சங்கிலி மேஸ்திரி சவரக் கண்ணாடியை உள்ளே நீட்டிப் பார்த்தார்.

"நாளைக்கு வராத" என்றார். அவ்வளவுதான்.

மிக்கேலுக்கு அடுத்த வாரம் நிச்சயம். வேலை போனவனுக்கு எவன் பெண் கொடுப்பான்? அவன் அண்ணன் சேசுராஜ் இரண்டு நாள் கெஞ்சினான். மேஸ்திரியிடம் பதினொரு வருஷம் கிடந்து தொழில் படித்தவன். நாம் கேட்டால் தட்டமாட்டார் என்றிருந்தான். மேஸ்திரி காதிலேயே வாங்கவில்லை.

மூன்றாம் நாள் அதே மண்டபத்தில் பழைய டக்டோடு புதியதைச் சேர்க்க வேண்டியிருந்தது. பழையது மேஸ்திரி வாலிபத்தில் மாட்டியது. சேசுராஜ் கண்ணாடியோடு ஏறினான். நெஞ்சால் ஊர்ந்துபோய், பழைய இணைப்புக்குப் பின்னால் அதை நீட்டினான்.

மூன்று ஓட்டை காலி. போல்ட் போட்ட தடமே இல்லை.

முகமெல்லாம் ஒட்டடையோடு இறங்கினான்.

"அண்ணாச்சி, அந்தப் பழைய ஜாயிண்டு யாரு போட்டது?"

"நான்தாம்லே. ஏன், விழுந்துட்டா?"

"பின்னாடி மூணு இல்ல."

மேஸ்திரி பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார்.

"ஆமா. இல்ல."

"அப்போ மிக்கேலத் திரும்பக் கூப்பிடுங்க."

"மாட்டேன்."

"ரெண்டு விட்டவன வெரட்டுனீங்க. மூணு விட்ட உங்கள யாரு வெரட்டுறது?"

இந்த மனுஷனிடம் சேசுராஜ் இப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை.

மேஸ்திரி வாசல் பக்கம் கையை நீட்டினார்.

"இன்ஜினியர் அங்கதான் நிக்காரு. மேல கூட்டிட்டுப் போய்க் காட்டு. இப்பவே நான் வீட்டுக்குப் போயிருதேன். போலே!"

சேசுராஜ் நகரவில்லை. வாசலைப் பார்த்தான். மேஸ்திரியின் கையைப் பார்த்தான். தகரம் கிழித்த தழும்பு, முழங்கைவரை. கண்ணாடியை உள்ளங்கையில் கவிழ்த்துக்கொண்டான்.

மேஸ்திரி அதைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டார்.

"வாய் வரலியோ? அன்னைக்கு ஏறி இந்த மூணையும் பார்த்த என் மேஸ்திரிக்கும் வரல."