காடு கடக்கும் பஸ்

கருத்தப்பாண்டி பஸ் கண்டக்டர். வயது ஐம்பத்திரண்டு. வெண்பாப் பைத்தியம் பிடித்து எட்டு மாதமாயிற்று. குரு செவ்வந்தி டீச்சருக்கு அவரில் பாதி வயது. ஞாயிறு காலைகளில் கிளை நூலகத்தில் யாப்பு சொல்லித் தருகிறவர்.

வெண்பாவில் ஒரு சீர் அடுத்த சீருக்குச் சரியாகக் கைகொடுக்க வேண்டும். தவறினால் தளை தட்டும். கருத்தப்பாண்டிக்கு ஸ்டாப்பிங் தப்பினாலும் தளை தப்பாது.

அந்த ஞாயிறு அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. வரும் வெள்ளிக்கிழமை டிரைவர் சன்னாசிக்குப் பிரிவு உபசார விழா. பதினாலு வருஷம் ஒரே பஸ், ஒரே தூக்குச்சட்டிச் சோறு. டெப்போவில் எல்லோர் முன்னாலும் ஒரு வெண்பா வாசிப்பதாகக் கருத்தப்பாண்டி வாக்குக் கொடுத்திருந்தார். சனிக்கிழமையிலிருந்து டிரைவர் சீட்டில் வேறு ஆள்.

“வீட்ல வாசிச்சேன் டீச்சர். பொஞ்சாதி கொட்டாவி விடுதா. எங்கயும் தட்டுதான்னு பாருங்க.”

டீச்சர் வாசித்தார்.

“சன்னாசி என்னும் தனிச்சிங்கம் தாரணியில்
மன்னும் புகழுடைய மாமனிதன்…”

கடைசிச் சீர்வரை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

“எங்கயும் தட்டலைண்ணே.”

“பிறகு ஏன் டீச்சர் சப்புனு இருக்கு?”

டீச்சர் தாளோடு திரும்பினார். கதவோரம் தூங்கி வழிந்த வாட்ச்மேனைப் பார்த்து வாசித்தார்.

“பொன்னையா என்னும் தனிச்சிங்கம் தாரணியில்…”

பொன்னையா பதறியடித்து எழுந்தார்.

ஜன்னலுக்கு வெளியே இஸ்திரி வண்டிக்காரர் நின்றார். டீச்சர் அவரையும் விடவில்லை.

“சின்னப்பன் என்னும் தனிச்சிங்கம்…”

“எல்லாருக்கும் பொருந்துதே,” என்றார் கருத்தப்பாண்டி. குரல் உள்ளே போய்விட்டது.

“அவருக்குன்னு வேற எதுவும் எழுதலையா?”

அவர் தலையைச் சொறிந்தார். “ஒண்ணு கிடக்கு. சும்மா விளையாட்டுக்குக் கிறுக்கினது. தளை வேற தட்டுது. வேண்டாம் டீச்சர்.”

டீச்சர் கையை நீட்டினார். நீட்டிய கையை மடக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து கசங்கிய தாள் ஒன்று வந்தது.

“ஆடு குறுக்கிட்டால் ஆத்தாநீ போவென்பார்;
மாடு வழிமறித்தால் மச்சானே என்பாராம்;
ஓடிவரும் மாமியாரைக் கண்டாலோ சன்னாசி
காடு கடக்கும் பஸ்.”

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். பொன்னையாவும் சிரித்தார்.

“நெசமாவா?”

“நெசந்தான். அந்தம்மா பின்னால வந்த பஸ்ஸைப் பிடிச்சு வந்து, ஸ்டாண்டுல வச்சு இவரு சட்டையப் பிடிச்சிட்டாக. நான்தான் விலக்கிவிட்டேன்.” சொல்லும்போதே கருத்தப்பாண்டிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இதுல பொன்னையா பேரைப் போடுங்களேன்,” என்றார் டீச்சர்.

“எனக்கு மாமியாரே கிடையாதும்மா,” என்றார் பொன்னையா.

கருத்தப்பாண்டிக்கு மனசு கேட்கவில்லை. “கடைசி அடியில தட்டுதே டீச்சர். ரெண்டையும் சரிபண்ணிக் குடுங்க. எது வாசிக்கன்னு பிறகு பாப்போம்.”

டீச்சர் பென்சிலை எடுத்தார். ‘கடக்கும்’ என்பதை அடித்து, மேலே ‘கடந்துவிடும்’ என்று எழுதினார். நொடியில் முடிந்தது. தனிச்சிங்கத்தை அப்படியே திருப்பிக் கொடுத்தார்.

“இது?”

“அது தட்டுச்சு, சரிபண்ணிட்டேன். இதுலதான் எங்கயுமே தட்டலையே அண்ணே, நான் எங்க கை வைக்க?”